முதல் வாட்டர் கூலிங்: பாகங்களை வாங்குவதற்கு முன்

பனியன் கம்பெனியின் பேட்டர்ன் போடும் அறையில் இரண்டு வருடம் ஓடிய ஒரு கம்ப்யூட்டரின் பக்கப் பலகையைக் கழற்றிப் பாருங்கள். பிராசசர் கூலரின் தகடுகளுக்கு நடுவே பஞ்சு இறுகிப் படிந்திருக்கும். விரலால் நெம்பினால் ஒரே படலமாகக் கையோடு வரும். கட்டிங் டேபிளில் எந்தக் கலர் அதிகம் ஓடியதோ, அந்தக் கலர் அந்தப் படலத்திலும் தெரியும். நிட்டிங் மெஷினின் தலைக்கு மேல் பஞ்சை விரட்ட ஒரு காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது போதாதென்று ஏர் அடித்துத் துடைக்கிறார்கள். அதே கட்டடத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பஞ்சோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் திருப்பூரில் 38 டிகிரி சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அறையில் கேட்கவே வேண்டாம். வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் வாட்டர் கூலிங் கம்ப்யூட்டர்களின் கண்ணாடிப் பெட்டியும் வண்ணத் தண்ணீரும் பார்க்க அழகுதான். ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் 22 டிகிரி அறையில், பஞ்சே பறக்காத ஊரில் உட்கார்ந்து கட்டினார்கள். அவர்களின் பாகப் பட்டியலை அப்படியே நகல் எடுத்தால் ஒரு சீசன் தாங்காது. ஆகவே இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுக்கும்போது முதலில் கேட்கப்போவது ஒரே கேள்வி: இதைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்ட முடியுமா?

உங்களுக்கு இது தேவையா?

பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஆர்டர் ஷீட், பில்லிங், சாதாரண பேட்டர்ன் கிரேடிங், மார்க்கர் போடுவது ஆகியவற்றுக்கு ஓடும் கம்ப்யூட்டரில் வாட்டர் கூலிங் வைப்பது வீண் செலவு. ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற பிராசசரின் மதிப்பீடு 120 வாட். நல்ல ஏர் கூலர் ஒன்று, கேபினெட்டுக்குக் கழுவக்கூடிய தூசி வலை இரண்டு, மாதம் ஒருமுறை ஏர் அடிப்பது, அவ்வளவு போதும்.

கணக்கு மாறுவது வேறு இடத்தில். பையருக்குச் சாம்பிள் தைத்து அனுப்புவதற்கு முன்பே முப்பரிமாணத்தில் உடை காட்டும் மென்பொருள் இப்போது பல ஏற்றுமதி கம்பெனிகளில் ஓடுகிறது. துணி மடிப்பையும் வெளிச்சத்தையும் ரெண்டர் செய்யும்போது கிராஃபிக்ஸ் கார்டு மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடும். ஆர்டிஎக்ஸ் 4080 கார்டு 320 வாட். 4090 என்றால் 450. 5090 என்றால் 575. கோர் ஐ9-14900கே பிராசசர் முழுப் பாரத்தில் 253 வாட் வரை இழுக்கும். இப்படி ஒரு கார்டும் பிராசசரும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தால், ஒரு சின்ன அறை ஹீட்டரை மேஜைக்கு அடியில் வைத்ததற்குச் சமமான சூடு. அப்போதுதான் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மூடிய நிலையிலேயே வரும் ஆல்-இன்-ஒன் கூலர் போதாதா என்று கேட்பார்கள். பிராசசருக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் பெரும்பாலும் அதைத் திறக்க முடியாது, உள்ளே தண்ணீர் குறைந்தால் நிரப்ப முடியாது, பம்ப் போனால் மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டும். நமது கேள்விக்கு அது பாஸ் ஆகாது.

ரேடியேட்டர்

பட்ஜெட்டில் முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும். பலர் பிளாக்கையும் (பிராசசர், கார்டு மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பாகம்) பம்பையும் விலை பார்த்து வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தில் ரேடியேட்டர் எடுப்பார்கள். அது தலைகீழ். தண்ணீர் சூட்டைச் சுமந்து செல்ல மட்டுமே செய்யும்; இறக்கி வைப்பது ரேடியேட்டர். அதுவும் அறையிலுள்ள காற்றில்தான் இறக்கும். அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே ஒருபோதும் போகாது.

ரேடியேட்டரின் அளவை அதில் பூட்டும் ஃபேன்களை வைத்துச் சொல்வார்கள். 240 என்றால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், 360 என்றால் மூன்று, 480 என்றால் நான்கு. ஒரு 120 மி.மீ. பங்குக்குச் சுமார் 100 வாட் என்று வைத்துக்கொள்வது பழகிய கணக்கு. அப்படி வைத்தால் ஃபேன் மிதமாக ஓடும்போதே தண்ணீர் அறையைவிட 10 டிகிரி அளவுக்குத்தான் மேலே நிற்கும். மேலே சொன்ன 14900கே, 4080 இரண்டும் சேர்ந்தால் 573 வாட். எனவே ஆறு பங்கு, அதாவது இரண்டு 360 ரேடியேட்டர். ரெண்டரில் பிராசசரும் கார்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் ஓடுவது அரிது. ஆனாலும் நம் ஊர் மே மாதத்துக்கு அந்த மிச்சத்தை விட்டுவைப்பது நல்லது. 38 டிகிரி அறையில் தண்ணீர் 48 ஆகும். பெரும்பாலான பம்புகளும் குழாய்களும் 60 டிகிரி வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். இடைவெளி அதிகமில்லை.

அடுத்தது ஃபின், அதாவது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள். இதை நிட்டிங் தெரிந்தவருக்கு விளக்கவே வேண்டாம். 24 கேஜ் மெஷின் என்றால் அங்குலத்துக்கு 24 ஊசி. ரேடியேட்டருக்கும் இதே போல ஒரு கேஜ் உண்டு: அங்குலத்துக்கு எத்தனை ஃபின். 10 அல்லது 12 என்றால் இடைவெளி விட்ட ரகம். 20க்கு மேல் போனால் நெருக்கமான ரகம். நெருக்கமானது காகிதத்தில் அதிகச் சூட்டை வெளியேற்றும். பஞ்சு பறக்கும் அறையில் அதுதான் முதலில் அடைபடும். கண்ணை மூடிக்கொண்டு 10 முதல் 12 ஃபின், 45 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன் உள்ளதை எடுங்கள். இந்த ரகம் மெதுவாக ஓடும் ஃபேனுக்கும் ஒத்துவரும், டார்ச் அடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரியும்.

எங்கே வைப்பது? என் யோசனை, கேபினெட்டுக்கு வெளியே. பின்பக்கச் சுவரில் ஒரு ஸ்டாண்டு அடித்து ரேடியேட்டரை மாட்டி, குழாயில் இரண்டு குவிக் டிஸ்கனெக்ட் கப்ளிங் போட்டுவிட்டால், கம்ப்யூட்டரைத் தொடாமலேயே ரேடியேட்டரை மட்டும் கழற்றி மாடிக்குக் கொண்டுபோய் ஏர் அடிக்கலாம். தண்ணீர் ஒரு சொட்டு, இரண்டு சொட்டுக்கு மேல் சிந்தாது. ஜெர்மனியின் வாட்டர்கூல் நிறுவனம் உருவாக்கிய மோ-ரா3 360 என்ற வெளி ரேடியேட்டரில் ஒன்பது 120 மி.மீ. ஃபேன்கள் பூட்டலாம். விலை கையைக் கடிக்கும். ஆனால் ரெண்டரிங் அறைக்கு ஏசி இல்லாதவர்களுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிது வேண்டாம் என்றால் சாதாரண 480 ஒன்றையும் 240 ஒன்றையும் வெளியே மாட்டலாம். அறைக்குள் பஞ்சு அதிகம் என்றால், சுவரில் துளை போட்டுப் பக்கத்து ஆஃபீஸ் அறையில்கூட ரேடியேட்டரை வைக்கலாம். இரண்டு மூன்று மீட்டர் கூடுதல் குழாயை, கீழே சொல்லப்போகும் டி5 ரகப் பம்ப் ஒன்று சமாளிக்கும்.

ஏர் அடிப்பதில் ஒரு எச்சரிக்கை. கம்பெனி லைனில் வரும் காற்று 6, 7 பார் அழுத்தத்தில் இருக்கும். அதில் எண்ணெயும் ஈரமும் கலந்திருக்கும். ரெகுலேட்டரில் 2 பாருக்குக் குறைத்து, ஒரு சாண் தள்ளி நின்று, காற்று வெளியேறும் பக்கத்திலிருந்து உள்பக்கமாக அடியுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

உலோகம் கலக்கக் கூடாது

அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் செய்யும் யாரிடம் கேட்டாலும் செம்பும் பித்தளையும் எப்படிச் சேரும் என்று சொல்வார்கள். வாட்டர் கூலிங்கிலும் அந்த ஜோடிதான் பாதுகாப்பு. பிளாக்கின் அடித்தட்டு செம்பு, ரேடியேட்டரின் உட்குழாய் செம்பு அல்லது பித்தளை, ஃபிட்டிங் பித்தளை. இவற்றோடு அலுமினிய ரேடியேட்டர் ஒன்றைச் சேர்த்தால், தண்ணீர் வழியாக ஒரு மின்கலம் உருவாகி அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். அரித்த துகள் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் போய் அடைத்துக்கொள்ளும். இதில் ஏமாற வாய்ப்பு அதிகம்: கறுப்புப் பெயின்ட் அடித்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் செம்பு என்று எழுதியிருக்கிறதா, அதுவும் ஃபின் மட்டுமா, உட்குழாயுமா என்று படியுங்கள். முழுக்க அலுமினியத்திலேயே செய்த செட்களும் சந்தையில் வந்திருக்கின்றன. ஈகே நிறுவனம் 2017-ல் அப்படி ஒன்றை விற்றது. அவற்றை அப்படியே முழுச் செட்டாக ஓட்டலாம், செம்போடு கலக்கத்தான் கூடாது.

பிளாக்

பிராசசர் பிளாக்கில் சாக்கெட் பொருந்துகிறதா என்று பாருங்கள்: இன்டெலில் எல்ஜிஏ 1700, 1851, ஏஎம்டியில் ஏஎம்4, ஏஎம்5. மேல்மூடி ஸ்க்ரூவில் கழல வேண்டும். மூடி அக்ரிலிக்கா அசிட்டாலா என்றால் அசிட்டால். உள்ளே ஓடும் தண்ணீர் தெரியாது. ஆனால் விரிசல் விடாது. அக்ரிலிக் மூடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் நுண்ணிய வெடிப்புகள் விழும். இந்த விஷயத்தில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள்.

கார்டு பிளாக்தான் சிக்கல். 4080 என்ற ஒரே பெயரில் பத்து கம்பெனி கார்டு விற்றிருக்கின்றன. உள்ளே சர்க்யூட் போர்டு பெரும்பாலும் வேறு வேறு. பிளாக் அந்தப் போர்டுக்கு அச்சாகப் பொருந்த வேண்டும். எனவே முதலில் பிளாக் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலைப் பாருங்கள், அதில் உள்ள கார்டை வாங்குங்கள். கார்டை வாங்கிவிட்டுப் பிளாக் தேடுகிறவர்கள் மாதக்கணக்கில் தேடுவார்கள். கையில் ஏற்கெனவே கார்டு இருந்து, அதற்குப் பிளாக் இல்லையென்றால், பிராசசருக்கு மட்டும் தண்ணீர் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். அப்படியே வாரண்டி அட்டையையும் படியுங்கள். கூலரைக் கழற்றினால் வாரண்டி போகுமா என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

எந்தப் பிளாக் முதலில், எது பின்னால் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 573 வாட் சூடு ஒரு சுற்றில் தண்ணீரை 2 டிகிரிதான் உயர்த்தும். குழாய் எப்படிக் குறைவாக வளையுமோ அப்படிப் போடுங்கள்.

பம்பும் தொட்டியும்

டி5 வாங்குங்கள். லெயிங் என்ற நிறுவனம் உருவாக்கியது, இப்போது சைலம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பல பிராண்டுகள் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்பது இதே பம்பைத்தான். அதனால் பிராண்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், உள்ளே இருப்பது அசல் டி5தானா என்று மட்டும் கேளுங்கள். டிடிசி என்ற இன்னொரு ரகம் அளவில் சின்னது, தள்ளும் அழுத்தம் அதிகம், ஆனால் தானே சூடாகும். நம் ஊருக்கு அது வேண்டாம்.

பம்பும் தொட்டியும் ஒன்றாக இணைந்து வருவதை எடுத்தால் வேலை மிச்சம். தண்ணீர் இல்லாமல் பம்ப் சில நொடிகள்கூட ஓடக் கூடாது, அதன் பேரிங்குக்குத் தண்ணீர்தான் மசகு. பம்புக்குத் தனி அடாப்டர் போடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே கரண்ட் எடுத்தால், கரண்ட் போகும்போது எல்லாம் சேர்ந்து நிற்கும், வரும்போது எல்லாம் சேர்ந்து ஓடும். பம்பின் வேகம் சொல்லும் ஒயரை மதர்போர்டின் சிபியு ஃபேன் முனையில் மாட்டுங்கள். பம்ப் நின்றால் போர்டு எச்சரிக்கும். கூடவே தண்ணீரின் வெப்பம் காட்டும் சென்சார் ஒன்று. விலை குறைவுதான், ஆனால் ரேடியேட்டரில் பஞ்சு அடைகிறது என்பதை முதலில் சொல்வது அதுதான்: அறை அதே, வேலை அதே, தண்ணீர் மட்டும் போன மாதத்தைவிட 4 டிகிரி கூட என்றால் ஏர் அடிக்கும் நாள் வந்துவிட்டது.

ஃபிட்டிங், குழாய்

வாட்டர் கூலிங் பாகங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் மரை ஜி 1/4, அதாவது கால் இஞ்ச் பிஎஸ்பி. இதைக் கேட்டதும் திருப்பூர்க்காரர் மனசில் ஒரு யோசனை ஓடும்: நியூமேட்டிக் சாமான் விற்கும் கடையில் இதே கால் இஞ்ச் பித்தளை நிப்பிள் மலிவாகக் கிடைக்குமே! கிடைக்கும்தான். ஆனால் அங்கே அதிகம் விற்பது நுனி நோக்கிக் குறுகும் டேப்பர் மரை. டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிக் கசிவை அடைப்பார்கள். ஜி 1/4 என்பது நேர் மரை. இதில் கசிவை நிறுத்துவது மரையல்ல, அடியில் இருக்கும் ஓ-ரிங். டேப்பர் நிப்பிளை அக்ரிலிக் தொட்டியில் ஏற்றினால் ஆப்புப் போல இறங்கித் தொட்டியைப் பிளந்துவிடும். ஜி 1/4 கம்ப்ரஷன் ஃபிட்டிங்கே வாங்குங்கள், கையால் மட்டும் இறுக்குங்கள், டெஃப்லான் டேப்பைத் தொடாதீர்கள். தேவையானதைவிட நான்கு அதிகமாகவே வாங்குங்கள். கூடவே ஒரு பால் வால்வு. சுற்றின் அடிமட்டத்தில் வைத்தால் தண்ணீரை வடிக்கச் சுலபம்.

ஏர் லைனுக்குப் போடும் நீல நிற பியு குழாயும் வேண்டாம். பியு ரகங்களில் பல, வெதுவெதுப்பான தண்ணீரில் நாளடைவில் சிதையும். வளைத்து வளைத்துக் கட்டும் கெட்டிக் குழாய்க்கும் முதல் முயற்சியில் போகாதீர்கள். பெட்ஜி குழாய் 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகத் தொடங்கும். மே மாதத்தில் பம்ப் நின்றுபோனால் அந்த எல்லை தூரத்தில் இல்லை. நல்ல தேர்வு கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் குழாய், உள்விட்டம் 10, வெளிவிட்டம் 16 மி.மீ. குழாயின் இரண்டு விட்டமும் ஃபிட்டிங்கில் எழுதியதோடு பொருந்த வேண்டும். 10/13 ஃபிட்டிங்கில் 10/16 குழாய் ஏறாது. ஒளி ஊடுருவும் பிவிசி குழாயிலிருந்து பிளாஸ்டிசைசர் கசிந்து பிளாக்கில் வெள்ளைப் பசையாகப் படியும், ஈபிடிஎம்மில் அந்தத் தொல்லை இல்லை. அழகில்லை என்பார்கள். இருக்கட்டும்.

கசிவிலிருந்து பெரிய நிறுவனங்களே தப்பவில்லை. ஆப்பிள் 2004-ல் திரவத்தில் குளிரும் பவர் மேக் ஜி5 விற்றது. சில வருடங்களில் பல மெஷின்களின் உள்ளே திரவம் ஒழுகி போர்டை அரித்தது. அதில் வாடிக்கையாளர் திறந்து சோதிக்க வழியில்லை. உங்களிடம் வழி இருக்கிறது: சிறிய கைப்பம்பும் மீட்டரும் சேர்ந்த லீக் டெஸ்டர் ஒன்றை வாங்கி, தண்ணீர் ஊற்றும் முன் அரை பார் காற்று ஏற்றி முள் இறங்குகிறதா பாருங்கள். கம்பெனி ஏர் லைனை நேராக மாட்டாதீர்கள். 6 பாரில் தொட்டி வெடிக்கும்.

எந்தத் தண்ணீர்?

டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு, என்ற சொல் திருப்பூரில் யாருக்கும் புதிதல்ல. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் பட்ட பாடும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறியதும் இந்த ஊரின் சரித்திரம். ஆகவே போர் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. தவறு நடப்பது அதற்கு அடுத்த படியில்.

சாயப்பட்டறை சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீர் "சாஃப்ட்" தானே என்று ஒரு குடம் பிடித்து வருகிறார்கள். சாஃப்ட்னர் செய்வது கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுவது. சாயம் பிடிக்க அது போதும். உப்பின் மொத்த அளவு குறையாது, டிடிஎஸ் மீட்டர் கிட்டத்தட்ட அதே எண்ணைக் காட்டும். உப்பு செம்பை அரிக்கும். கேன் ஆர்ஓ தண்ணீரிலும் மிச்ச உப்பு இருக்கும், சில கேன்களில் சுவைக்காக மினரல் சேர்த்தும் இருப்பார்கள்.

வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் அல்லது டீமினரலைஸ்டு வாட்டர். பேட்டரிக் கடையில் கிடைப்பதை வாங்கலாம். ஆனால் தரம் கேனுக்குக் கேன் மாறும், ஆகவே எந்த டை லேபிலும் கிடக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரை இரவல் வாங்கி முக்கிப் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் இருந்தால் சரி. அதோடு அரிப்பைத் தடுக்கும் மருந்தும் பாசி பிடிக்காமல் இருக்கும் மருந்தும் சேர்ந்த, நிறமில்லாத கூலன்ட் கான்சன்ட்ரேட் கலந்துகொள்ளுங்கள். இரண்டு ரேடியேட்டர் சுற்றுக்குச் சுமார் 1 லிட்டர் பிடிக்கும். வருடம் ஒருமுறை மாற்றினால் போதும். பால் போல, பெயின்ட் போலத் தெரியும் கூலன்ட்களில் துகள்கள் மிதக்கின்றன. அவை நாளடைவில் பிளாக்கில் படியும். மின்சாரம் கடத்தாத கூலன்ட் என்று விற்பதையும் நம்பி அலட்சியமாக இருக்க வேண்டாம். புதிதாக ஊற்றும்போது கடத்தாது, சில மாதம் உலோகத்தில் ஓடிய பிறகு கடத்தும்.

ஃபேன் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரேடியேட்டருக்கென்றே செய்த, அழுத்தம் அதிகமுள்ள 120 மி.மீ. ரகம். முன்னால் கழுவக்கூடிய வலை. விளக்கு எரிகிற ஃபேன் வேண்டுமென்றால் உங்கள் விருப்பம், பணமும் உங்களுடையது.

இந்தச் சாமான்களில் பலவற்றை ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலும் ஆன்லைனில் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருக்கும், சில வெளிநாட்டிலிருந்து கஸ்டம்ஸ் தாண்டி வர வேண்டும். எல்லாம் வந்து மேஜையில் அடுக்கி, ஒவ்வொரு ஓ-ரிங்கையும் எண்ணிப் பார்க்கும் வரை ஓடுகிற கம்ப்யூட்டரின் கூலரைக் கழற்றாதீர்கள். கழற்றிய பிறகும் அந்தப் பழைய ஏர் கூலரை, அதன் ஸ்க்ரூ, பிராக்கெட், ஒரு ட்யூப் தெர்மல் பேஸ்ட்டோடு ஒரு பாலிபேக்கில் போட்டு, மேலே பெயர் எழுதி, அலமாரியில் வையுங்கள். கார்டிலிருந்து கழற்றிய ஹீட்சிங்க்குக்கும் அதே வேலை. வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாமல் வாங்க மாட்டார்கள். ஷிப்மென்ட்டுக்கு முந்தைய நாள் இரவு பம்ப் நின்றால், அரை மணி நேரத்தில் பழைய கூலரை மாட்டி வேலையை முடித்துவிடலாம்.